நாலாம் நம்பர் ரூம் காத்து

ஸகோர்கா தாஸிச்சோட வேலை எண்ணுறது. ஆஸ்பத்திரிக் காத்துல எத்தனை பூஞ்சை மிதக்குதுன்னு எண்ணணும். இருபத்தொரு வருஷம் அதைத்தான் செஞ்சா. நாங்க ஸாகான்னு கூப்பிடுவோம். டாக்டருங்க "பூஞ்சைக்காரி"ம்பாங்க, அவ காதுல விழட்டும்னே. அவளும் விடமாட்டா. "என்ன பண்றது டாக்டர், உங்களைவிட அது சொன்ன நேரத்துக்கு வருதே"ம்பா.

அதுக்கு முன்னாடி ஈஸ்ட் பேக்டரி லேப்ல இருந்தா. ஈஸ்ட் தொட்டியில ஒரு பச்சைப் புள்ளி விழுந்தா மொத்தத் தொட்டியும் சாக்கடைக்குத்தான். அங்க கத்துக்கிட்ட கண்ணு அது. பேக்டரியை ஒருத்தன் வாங்கினான், மிஷினை எல்லாம் இரும்புக் கடைக்கு வித்தான், கேட்டைப் பூட்டினான். அப்ப அவளுக்கு முப்பத்திமூணு வயசு. கையில ஒரு புள்ளை, புருஷன் ஓடிட்டான். புள்ளை இப்ப ஸ்லோவேனியாவுல லாரி ஓட்றான். இவ நாலாவது மாடியில தனியா இருக்கா. வீட்டுல ஒரு பூந்தொட்டி கிடையாது. கேட்டா, "மண்ணுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்யா"ம்பா.

நான் அந்த ஆஸ்பத்திரி எலக்ட்ரீசியன். யூனியன் செயலாளரும் நான்தான். பேரு புடிமிர், புடான்னு கூப்பிடுவாங்க.

திங்கக்கிழமை திங்கக்கிழமை ஸாகா ஒரு தள்ளுவண்டியோட ரத்தநோய் வார்டுக்குப் போவா. வண்டியில ஜெல்லி ஊத்தின வட்டத் தட்டுங்க, காத்தை உறிஞ்சுற ஒரு சின்ன மிஷின். ரூமுக்கு ரெண்டு தட்டு, நடையில மூணு தட்டு. அப்புறம் சூட்டுப் பெட்டியில வைப்பா. வியாழக்கிழமை எடுத்து எண்ணுவா. தட்டுல சாம்பப் பச்சையா, வெல்வெட்டு மாதிரி புள்ளி வந்திருந்தா, அது அஸ்பெர்ஜில்லஸ். உனக்கும் எனக்கும் அது ஒண்ணும் பண்ணாது, தினமும் மூச்சுல இழுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா கீமோ குடுத்து வெள்ளணு எல்லாம் அத்துப்போன உடம்புல அது நுரையீரல்ல போய் உக்காந்து முளைக்கும், பழைய ரொட்டியில முளைக்கிற மாதிரி. அதனால அந்த வார்டுல நாலு ரூமுக்கு மட்டும் கூரையில இருந்து வடிகட்டின காத்து வரும். அந்த நாலு ரூம் தட்டுல ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. பூஜ்யம். ஒண்ணுன்னா கேள்வி, ரெண்டுன்னா சண்டை.

சண்டைக்கு அவ அசந்தவ இல்ல. நர்ஸுங்க ரூம்ல இருந்து காப்பித்தூள் டப்பாவை வெளியேத்தினது அவதான். காப்பித்தூள்ல இருந்து அந்தப் பூஞ்சையைத் தட்டுல வளத்துக் கொண்டாந்து மேஜையில வெச்சா. தலைமை நர்ஸ் பெர்ஸா ஆறு மாசம் அவகிட்ட பேசல. "என் புருஷனைக் கூட்டிட்டுப் போயிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன், பாவி காப்பியைக் கொண்டு போயிட்டாளே"ன்னு படிக்கட்டுல உக்காந்து புலம்பிக்கிட்டிருந்தா.

அந்த செப்டம்பர்ல பக்கத்துக் கட்டடத்துல வேலை ஆரம்பிச்சாங்க. பழைய சுவரை இடிச்சு புதுசா பளபளன்னு முகப்பு. நவம்பர்ல மந்திரி வந்து ரிப்பன் வெட்டணும். இடிக்கிற இடத்துக்கும் ரத்தநோய் வார்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். பழைய சுவர்த் தூசியில அந்தப் பூஞ்சை அப்பிக் கிடக்கும், அதனால தூசித் தடுப்பு கட்டணும்னு சட்டம் இருக்கு. கட்டல. ஏன்? ரிப்பனுக்கு நேரமாயிரும்ல.

செப்டம்பர் நடுவுல நாலாம் நம்பர் ரூமுக்கு துன்யா வந்தா. இருபத்தொம்போது வயசு, பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் குடுக்கிற பொண்ணு. ரத்தப் புத்துநோய். கூட அவ அம்மா வுகோஸாவா. நியாயப்படி உள்ள ஆள் தங்கக் கூடாது. ஆனா நாலு ரூமுக்கு நைட்ல ஒரே ஒரு நர்ஸு. அதனால அம்மாவுக்கு ஒரு கவுனும் மாஸ்க்கும் குடுத்து, "உக்காந்துக்கோங்கம்மா, ஆனா நாங்க உங்களைப் பாக்கல"ன்னு விட்டுட்டாங்க. ஆளைக் குறைச்சது மேலிடம். அம்மாவை உக்கார வெச்சது நாங்க.

முதல் வாரம் நாலு ரூமும் பூஜ்யம். ரெண்டாவது வாரம் நாலாம் நம்பர்ல மூணு புள்ளி. மூணாவது வாரம் ரெண்டுலயும் மூணுலயும் ஒண்ணொண்ணு, நாலாம் நம்பர்ல எட்டு. இடிக்கிற சுவருக்கு ஒட்டின ரூம் அதுதான். துன்யாவுக்கு வெள்ளணு தரை மட்டத்துல இருந்தது. வேற ரூமுக்கு மாத்தலாம்னா காலி இல்ல.

ஸாகா மூணு கடுதாசி எழுதினா. டெபுடி டைரக்டர் பதில் அனுப்பினார்: "அளவுகள் ஏற்கத்தக்க வரம்புக்குள் உள்ளன."

என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கடுதாசியை மேஜையில போட்டா. "வரம்பாம். பூஜ்யத்துக்கு வரம்பு என்னய்யா? கொஞ்சம் பூஜ்யமா, நிறைய பூஜ்யமா?"

"மேல போய் பாத்தேன், மோட்டார் நல்லா ஓடுது. ஃபில்டரும் புதுசு"ன்னேன்.

"அப்ப தூசிதான். உன் ஆளுங்களைக் கூப்பிடு. அந்தப் பொண்ணு செத்தப்புறம் நோட்டீஸ் அடிச்சு என்ன புண்ணியம்?"

கூப்பிட்டேன். செவ்வாக்கிழமை காலையில இருபத்தாறு நர்ஸுங்க, லேப் ஆளுங்க, சமையக்கட்டு ஆளுங்க, எல்லாரும் பெரிய படிக்கட்டுல உக்காந்தாங்க. டெபுடி டைரக்டர் கோட்டு பட்டன் போட்டுக்கிட்டே ஓடி வந்தார்.

"சிஸ்டர், நோயாளிங்களை விட்டுட்டு இப்படி வெளியில உக்காந்திருக்கீங்களே, மனசாட்சி இல்லையா?"

"வார்டுக்கு ரெண்டு பேரை வெச்சிட்டுத்தான் வந்திருக்கோம் டாக்டர்"னா பெர்ஸா. "மனசாட்சியும் உள்ளதான் இருக்கு, டூட்டியில."

"இது அரசியல்!"

"இல்ல, எட்டு!"ன்னு பின்னாடியிருந்து ஸாகா கத்தினா. தட்டைத் தூக்கிக் காமிச்சா. "எண்ணிப் பாருங்க. படிச்சவர்தானே, எட்டு வரைக்கும் வரும்."

புதன்கிழமை மத்தியானம் வேலை நின்னுச்சு. அடுத்து வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை மந்திரி ஆபீஸ்ல இருந்து ஒரு கமிஷன் வரும், தூசித் தடுப்பு கட்டுற வரைக்கும் வேலையை நிறுத்தி வைக்கலாமான்னு முடிவு பண்ணும்னு சொன்னாங்க. எங்களுக்கு அது பெரிய ஜெயம். பத்து வருஷத்துல நாங்க ஜெயிச்ச முதல் சண்டை. நான் நானூறு நோட்டீஸ் அடிச்சேன். "தூசிதான் கொலைகாரன்"னு தலைப்பு. கமிஷன் வர்ற அன்னிக்கு ஊரெல்லாம் ஒட்டணும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஸாகா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தா. முகமே சரியில்ல. ஒரு தட்டை வெளிச்சத்துல பிடிச்சா. "எண்ணு."

"ஒம்போது. நடையா?"

"நடையில ஒண்ணு. முதல் மூணு ரூமும் பூஜ்யம். இது நாலு."

"வேலைதான் நின்னு போச்சே?"

"அதான்யா நானும் கேக்குறேன். வேலை நின்னுச்சு, எண்ணிக்கை நிக்கல." "நேத்து நைட்ல இருந்து அந்தப் பொண்ணுக்கு ஜுரம். முப்பத்தெட்டரை. வா என்கூட."

வார்டுக்குப் போனோம். நாலாம் நம்பருக்கு முன்னாடி ஒரு சின்ன ரூம், கை கழுவி கவுன் மாட்டிக்கிற இடம். நான் அங்க நின்னேன். ஸாகா பாக்கெட்டுல இருந்து சிகரெட் சுத்துற பேப்பர் ஒண்ணை உருவினா. கதவுக்கடியில இருக்கிற இடுக்குக்கிட்ட குனிஞ்சு பிடிச்சா. உள்ள காத்து தள்ளிக்கிட்டே இருந்தா, பேப்பர் நம்ம பக்கம் படபடக்கணும். அப்பதான் வெளித் தூசி உள்ள போகாது. அந்த ரூமோட சூட்சுமமே அதான்.

பேப்பர் அசையல. நான் பின்னாடி இருந்த நடைக் கதவைத் திறந்தேன். பேப்பர் ரூம் உள்பக்கமா சாஞ்சுது.

ஸாகா கவுனை மாட்டிக்கிட்டு உள்ள போனா. நான் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருந்தேன். துன்யா தூக்கத்துல இருந்தா, மருந்துத் தூக்கம். அம்மா நாற்காலியில. ஸாகா ரூம் நடுவுல நின்னு தலையை நிமித்தி கூரையைப் பாத்தா. இத்தனை வருஷமா அந்த ரூமுக்கு வந்து போறா, தட்டு வைக்கிறது இடுப்பு உயரத்துல, கண்ணு எப்பவும் தட்டுமேல. மேல பாத்ததே இல்லை. கூரையில காத்து வர்ற கிரில் வெள்ளை. அதுமேல வெள்ளை பிளாஸ்டிக் பையை விரிச்சு, சுத்தி வெள்ளை டேப் போட்டு, சுருக்கம் இல்லாம ஒட்டியிருந்தது. வீட்டு வேலை நல்லா செய்யிற பொம்பளையோட கை.

"யாரும்மா ஒட்டினது?"

வுகோஸாவா எந்திரிச்சு நின்னா. "நான்தான். ஏன்?"

"எப்ப?"

"வந்த ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ. தலைமாட்டுல நேரா அடிச்சுது சிஸ்டர். புள்ளைக்கு தலையில ஒரு முடி இல்ல, கழுத்து வெறுங்கழுத்து. நான்தான் உங்களைக் கேட்டேனே."

"என்னைக் கேட்டீங்களா?"

"ஆமா. நீங்க தட்டு வெச்சிக்கிட்டிருந்தீங்க. 'இந்தக் காத்து புள்ளைக்கு ஆகுமா சிஸ்டர்'னேன். நீங்க காலரை இழுத்து மூடிக்கிட்டு, 'ஐயோ, இங்க நின்னா எனக்கே கழுத்து பிடிச்சுக்குது, மூடி வைங்கம்மா'ன்னீங்க."

ஸாகா கழுத்தை ஸ்கார்ஃபால மூடச் சொன்னா. அந்தம்மா கூரையை மூடிட்டா.

வேற ஊர்க்காரன் கேட்டா சிரிப்பான். எங்க ஊர்ல சிரிக்க முடியாது. குறுக்குக் காத்துக்கு நாங்க ப்ரோமாயான்னு பேர் வெச்சிருக்கோம், பேய்க்கு வைக்கிற மாதிரி. ரெண்டு ஜன்னலை ஒண்ணாத் திறந்தா வாய் கோணும், கிட்னி போகும், மூளையில சளி கட்டும். ஜூலை மாசம் நாப்பது டிகிரியில பஸ்ல போவோம், ஒருத்தன் ஜன்னலைத் திறந்தா பின்னாடியிருந்து நாலு பேர் கத்துவோம். நானும் கத்துவேன். இதைச் சொல்லாம விட்டா பொய் ஆகும். பெர்ஸா அந்த டேப்பைப் பாத்திருக்கா. க்ளீன் பண்ற அம்மா பாத்திருக்கா. யாருக்கும் தப்பாத் தோணல. புத்தியுள்ள அம்மா, புள்ளையைக் காத்துல இருந்து காப்பாத்துறான்னு நெனைச்சாங்க. அந்தக் காத்துதான் புள்ளையைக் காப்பாத்திக்கிட்டிருந்ததுன்னு எல்லாருக்கும் பாடம் எடுத்திருக்காங்க, கையெழுத்தும் வாங்கியிருக்காங்க. பாடம் ஒரு பக்கம் இருக்கும், கழுத்து ஒரு பக்கம் இருக்கும்.

ஸாகா நாற்காலிமேல ஏறி டேப்பைப் பிச்சா. அப்புறம் வெளிய வந்து கவுனைக் கழட்டினா.

"வார்டு டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன்."

நான் அவ கையைப் பிடிச்சேன். "இரு. திங்கக்கிழமை கமிஷன் வருது. டேப்புன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா டெபுடி அதைப் பிடிச்சுக்குவான். தூசியே இல்ல, எல்லாம் டேப்புதான்னு எழுதிருவான். நாளைக்கே கடப்பாரையை எடுப்பானுங்க. நாலு நாள் பொறு. டேப்பைத்தான் எடுத்தாச்சே, இனி ஒண்ணும் ஆகாதுல்ல."

"அந்தப் பொண்ணு நாலு வாரமா அதை மூச்சுல இழுத்திருக்கா புடா."

"டாக்டர் ஜுரத்துக்கு மருந்து குடுத்துக்கிட்டுத்தானே இருக்காங்க."

"கிருமி மருந்து குடுக்குறாங்க. இது பூஞ்சைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாலு வாரம் கிரில் மூடிக் கிடந்ததுன்னு தெரிஞ்சா, ஸ்கேனுக்குக் காத்திருக்காம இன்னிக்கே பூஞ்சை மருந்தை ஏத்துவாங்க. நாலு நாள்ங்கிறே. அதுக்கு வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை லீவு கிடையாது."

"இத்தனை பேர் படிக்கட்டுல உக்காந்தாங்க ஸாகா. உன்னை நம்பி."

"என் கணக்கை நம்பி. அந்தக் கணக்குதான் இப்ப இதைச் சொல்லுது. கையை விடு."

உள்ளயிருந்து வுகோஸாவா ஓடி வந்தா, மாஸ்க் தாடையில தொங்குது. "சிஸ்டர், சொல்லிடாதீங்க. என்னை வெளிய தள்ளிருவாங்க. அவளுக்கு வேற யாரு இருக்கா? உங்க கால்ல விழுறேன்."

"என் பேரைத்தான் முதல்ல சொல்லப் போறேன்மா. நீங்க கை கழுவிட்டு உள்ள போங்க"ன்னு சொல்லிட்டு ஸாகா போயிட்டா. நான் அதுக்கு மேல தடுக்கல. முதல்ல தடுத்ததே தப்புன்னு இப்ப எழுதுறேன். அன்னிக்கு எனக்கு அவமேல வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல.

அன்னிக்கு சாயங்காலமே மருந்து ஏத்தினாங்க. வெள்ளிக்கிழமை ஸ்கேன்ல வலது நுரையீரல் அடியில வால்நட் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை தெரிஞ்சுது.

ஸாகா மத்த ரூம் கிரிலையும் பாத்தா. ரெண்டாம் நம்பர்ல பாதியை பிஸ்கட் பெட்டி அட்டை வெச்சு அடைச்சிருந்தது, மேல தூசி படிஞ்சு, பழசு. யாரு செஞ்சதுன்னு கேட்டதுக்கு வார்டே கூரையைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

திங்கக்கிழமை கமிஷன்ல நான் தூசியைப் பத்தி பேசினேன். அவ எந்திரிச்சு ரிப்போர்ட்டைப் படிச்சா. தூசி எவ்வளவு, எந்த வாரம் எத்தனை புள்ளின்னு எல்லாம். அப்புறம், கூரைக் கிரில் மூடிக் கிடந்தது, மூடினது உடனிருந்தவர் ஒருவர், அதுக்குக் காரணம் ஸகோர்கா தாஸிச் ஆகிய நான் யோசிக்காம சொன்ன ஒரு வார்த்தைன்னு படிச்சா. தன் பேரை மட்டும் முழுசா போட்டிருந்தா.

டெபுடி டைரக்டர் நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்தார். "ஆக, தோழர்களே, பிரச்சினை ஒரு டேப்புன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல"ன்னா ஸாகா. "டேப்பு கதவைத் திறந்து விட்டுச்சு. உள்ள வந்தது உங்க தூசி. ரெண்டையும் எழுதியிருக்கேன். பாதியை மட்டும் படிக்கணும்னா கண்ணாடி மாத்துங்க."

பத்து நாள்ல வேலை மறுபடி ஆரம்பிச்சுது. கமிஷன் சொன்னதுல ரெண்டு விஷயம் நடந்துச்சு: சுவருக்கு பிளாஸ்டிக் தடுப்பு கட்டினாங்க, ஒவ்வொரு ரூம் வாசல்லயும் காத்தழுத்தம் காட்டுற முள்ளு மீட்டர் வைக்கச் சொன்னாங்க. ஸாகாவுக்கும் பெர்ஸாவுக்கும் எழுத்துல கண்டிப்பு. நைட்டுக்கு இன்னொரு நர்ஸு வேணும்னு நாங்க கேட்டது காத்தோட போச்சு. வுகோஸாவா புள்ளையைப் பாக்க வாரத்துல ஒரு நாள், திங்கக்கிழமை, அரை மணி நேரம் மட்டும். என் நானூறு நோட்டீஸும் பேஸ்மென்ட்ல கட்டாக் கிடந்துச்சு. நர்ஸுங்க நாலஞ்சு பேர் ஸாகாவைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. "படிக்கட்டுல நம்மள உக்கார வெச்சு, அப்புறம் குப்புறத் தள்ளிட்டா"ன்னாங்க. அவ சாப்பிடுற நேரத்துல தனியா உக்காந்து புரெக்குங்கிற கறி அடைச்ச ரொட்டியைக் கடிச்சு தயிரைக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவா. நானும் ரெண்டு வாரம் அவ மேஜைக்குப் போகல.

துன்யாவுக்குப் பதினோரு நாள் ஜுரம். அப்புறம் வலது நுரையீரல்ல அடித்துண்டை வெட்டி எடுத்தாங்க. அடுத்த கீமோ தள்ளிப் போச்சு, அதனால என்ன ஆகும்னு யாரும் உறுதியாச் சொல்லல. ஸாகா டாக்டரம்மாகிட்ட நேராக் கேட்டிருக்கா, அந்த நாலு நாள் முன்னாடி ஆரம்பிச்சதுல ஏதாவது லாபமான்னு. "இருக்கும். ஆனா அதை எண்ணிக் காட்ட முடியாது ஸாகா"ன்னாங்களாம்.

நவம்பர்ல ஒரு திங்கக்கிழமை நான் நாலாம் நம்பர் வாசல்ல மீட்டர் மாட்டிக்கிட்டிருந்தேன். சின்ன ட்யூப் ஒண்ணை உள்ள விடணும், அதுக்காக உள்கதவு ஒரு விரக்கடை திறந்திருந்தது. உள்ள துன்யா தலையணையில சாஞ்சு உக்காந்திருந்தா, மூக்குல ஆக்சிஜன் குழாய். அம்மா நாற்காலியில. ஸாகா தட்டு வெச்சிக்கிட்டிருந்தா.

"ஸாகா அக்கா"ன்னா துன்யா. குரல் கரகரன்னு இருந்துச்சு. "உங்க ரிப்போர்ட்டை பெர்ஸா சிஸ்டர்கிட்ட வாங்கிப் படிச்சேன். 'உடனிருந்தவர் ஒருவர்'. யாரு அந்த ஒருவர்? அந்த க்ளீன் பண்ற பெருசுதானே? எனக்குத் தெரியும். வந்தாலே ஜன்னலைத்தான் தடவிப் பாக்கும். நான் எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சதும் அது வேலையைக் காலி பண்றேன் பாருங்க. பஸ் ஸ்டாண்டுல எட்டு வருஷம் குப்பை கொட்டினவ நான், புகார் எழுத எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்."

ஸாகா தட்டோட மூடியைக் கையில வெச்சிக்கிட்டு நின்னா.

"க்ளீனர் இல்ல."

"அப்ப யாரு?"

"மூடுங்கன்னு சொன்னது நான். அதான் எழுதியிருக்கே."

"சொன்னது நீங்க. ஏறி ஒட்டினது யாரு?"

ஸாகா மூடியைக் கீழ வெச்சு தட்டைச் சரி பண்ணினா. நாற்காலிப் பக்கம் பாக்கல. பொய் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தை அவ அந்தம்மாவுக்கு விட்டுக் குடுத்தான்னு நெனைக்கிறேன்.

"நான்தான் கண்ணு"ன்னா வுகோஸாவா.

"நீயா?"

"உனக்கு முடியில்லியே. கழுத்துல நேரா அடிச்சுது. நீ தூங்கிட்டிருந்த."

துன்யா தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டா. வெட்டின பக்கம் வலிச்சிருக்கும், பல்லைக் கடிச்சா.

"அம்மா, நீ போ."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா..."

"போம்மா. அடுத்த திங்கக்கிழமையும் வராத." மூச்சு வாங்கினா. "அதுக்கு அடுத்த திங்கக்கிழமை வா."

வுகோஸாவா வெளிய வந்து கவுன் முடிச்சை அவுக்கப் பாத்தா. விரல் ஒத்துழைக்கல, முடிச்சு இறுகிக்கிட்டே போச்சு. ஸ்க்ரூடிரைவரைக் கீழ வெச்சிட்டு நான் அவுத்து விட்டேன். அவ கவுனைச் சுருட்டிக் கையிலயே வெச்சிக்கிட்டு நின்னா, கூடையில போடணும்னுகூட தோணல.

"மேஸ்திரி, நீங்க கேட்டீங்கல்ல. வான்னுதானே சொன்னா?"

"ஆமாம்மா. வான்னுதான் சொன்னா."